நவம்பர் 23-க்கு முன்னும் பின்னும்: 'டாக்டர் ஹூ' கேள்வி-பதில்

இந்த இதழின் கேள்வி-பதில் முழுக்க ஒரே தொடருக்கு. பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' 1963-இல் தொடங்கியது. டாக்டர் என்று மட்டும் அழைக்கப்படும் வேற்றுக்கிரகவாசி, வெளியே போலீஸ் டெலிபோன் பெட்டியாகவும் உள்ளே பெரிய கப்பலாகவும் இருக்கும் டார்டிஸில் ஏறிக் காலம் விட்டுக் காலம் போகிறார். சாகும் நிலை வந்தால் உடம்பு மாறி வேறு ஆளாக எழுந்துவிடுவார். அதனால் நடிகர் மாறினாலும் தொடர் ஓடும். அதன் ஆண்டு விழாக்கள் பற்றி வந்த கேள்விகளில், திரைக்குப் பின்னால் நடந்த வேலையைக் கேட்டவற்றை எடுத்துக்கொண்டோம்.

தொடரின் பிறந்தநாள் நவம்பர் 23 என்கிறார்கள். செப்டம்பர் 27 என்றும் ஒரு இடத்தில் படித்தேன். எது சரி?
(கோவில்பட்டி வாசகர்)

இரண்டும் சரி, கணக்குத்தான் வேறு. ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23, சனிக்கிழமை. மாலை 5.15 என்று அறிவித்திருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதமாகத் தொடங்கியது. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சில பகுதிகளில் மின்சாரமும் போயிற்று. பலர் பார்க்காமல் விட்டதால் நவம்பர் 30 அன்று, இரண்டாம் எபிசோடுக்கு முன்னால், முதல் எபிசோடை மறுபடியும் போட்டார்கள்.

செப்டம்பர் 27 அதே எபிசோடை முதல் தடவை எடுத்த நாள். இடம், லண்டன் லைம் குரோவ் வளாகத்தின் 'ஸ்டுடியோ டி'. எடுத்ததைப் போட்டுப் பார்த்த நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமனுக்குத் திருப்தியில்லை. முழுசாக மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டார். அக்டோபர் 18-இல் எடுத்ததுதான் ஒளிபரப்பானது.

கெட்டுப்போன காட்சியை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கலாமே என்று இன்று தோன்றும். அன்றைய வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம். எடிட் செய்வதென்றால் பிளேடால் நிஜமாகவே வெட்ட வேண்டும். படம் குதிக்காமல் ஒட்டுவது கஷ்டம். விலை உயர்ந்த டேப்பும் பாழ். அதனால் மேடை நாடகம் போல 25 நிமிடத்தையும் கிட்டத்தட்ட ஒரே ஓட்டமாக எடுப்பார்கள். பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். மேலே கன்ட்ரோல் அறையில் ஒருவர் பட்டனை அழுத்தி, எந்தக் கேமராவின் படம் டேப்பில் ஏற வேண்டும் என்று அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருப்பார். எடிட்டிங் அத்தோடு முடிந்தது. டார்டிஸின் கதவு சரியாக மூடாமல் நடிகர்களின் முதுகுக்குப் பின்னால் ஆடினால், ஆடியபடியே பதிவாகிவிடும். செப்டம்பர் 27 அன்று அதுதான் நடந்தது.

மூன்று வார இடைவெளியில் கதவை மட்டும் சரிசெய்யவில்லை. முதல் பதிவில் வில்லியம் ஹார்ட்னெல்லின் டாக்டர் கடுகடுவென்று இருக்கிறார். இரண்டாவதில் கடுமை குறைந்து குறும்பு எட்டிப் பார்க்கிறது. பேத்தி சூசன், தான் 49-ஆம் நூற்றாண்டில் பிறந்ததாகச் சொன்ன வசனம் போய், வேறு காலம், வேறு உலகம் என்று பொதுவாக மாறுகிறது. இந்த ஒரு திருத்தம் தொடருக்குச் செய்த உபகாரம் பெரிது. 49-ஆம் நூற்றாண்டு என்று நின்றிருந்தால் டாக்டரை எதிர்கால மனிதர் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு உடம்பு மாறுவதற்கும், பின்னாளில் அவருக்குக் கொடுத்த இரண்டு இதயங்களுக்கும் இடம் இருந்திருக்காது.

பார்த்தவர்களுக்குப் பிறந்தநாள் நவம்பர் 23. உழைத்தவர்களுக்கு அக்டோபர் 18. எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு.

டைட்டில் இசையை சிந்தசைசர் இல்லாமலே செய்தார்கள் என்கிறார்களே, எப்படி முடிந்தது? அதைச் செய்த பெண்ணின் பெயர் ஏன் டைட்டிலில் இல்லை?
(மதுரை வாசகி)

மெட்டு ரான் கிரெய்னருடையது. அதை ஒலியாக்கியவர் டீலியா டெர்பிஷயர். கூட இருந்து உதவியவர் டிக் மில்ஸ். 1963 ஆகஸ்டில், லண்டன் மெய்டா வேலில் இருந்த, விசேஷ ஒலிகளை உருவாக்கும் பிரிவான பி.பி.சி. ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் நடந்த வேலை. கிரெய்னர் கொடுத்தது ஒரே தாள்: ஸ்வரங்களும், 'மேகம்', 'காற்றுக் குமிழி' என்பது போன்ற குறிப்புகளும். அவை எந்தக் கருவியில் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை டெர்பிஷயர்தான் கண்டுபிடித்தார்.

அடியில் 'டும்டடடும்' என்று ஓடும் பகுதிக்கு மூலம் ஒரே ஒரு தந்தி. இழுத்துக் கட்டிய தந்தியைச் சுண்டி, அந்த ஒலியை டேப்பில் பிடித்தார்கள். டேப்பை வேகமாக ஓட்டினால் ஸ்வரம் ஏறும். மெதுவாக ஓட்டினால் இறங்கும். இரட்டை வேகம் என்றால் ஒரு ஸ்தாயி மேலே. ஒரு அரை ஸ்வரம் ஏற வேகத்தைச் சுமார் 6 சதவீதம் கூட்டினால் போதும். இப்படி மெட்டுக்கு வேண்டிய ஸ்வரம் ஒவ்வொன்றையும் அதற்குரிய வேகத்தில் ஓட்டி, இன்னொரு டேப்பில் பதிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் வேகம் கூடும்போது ஸ்வரத்தோடு ஒலியின் நீளமும் மாறிவிடும். இங்கேதான் ஸ்கேலும் பிளேடும் வருகின்றன. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில் கால் விநாடி என்பது 3¾ அங்குலம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தாளத்துக்கு வேண்டிய நீளத்துக்கு அளந்து, மெழுகுப் பென்சிலால் குறித்து, வெட்டி, அடுத்த ஸ்வரத்தோடு ஒட்ட வேண்டும். நேராக வெட்டினால் ஒட்டு வரும் இடத்தில் 'டிக்' என்று கேட்கும். சாய்வாக வெட்டினால் ஒரு ஒலி மறைய மறைய மற்றது உள்ளே வரும். காது ஒட்டை உணராது. அரை அங்குலம் பிசகினால் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு பிசகும். கேட்க அற்பம்; அதுவே நாலைந்து ஒட்டில் சேர்ந்தால் தாளம் நொண்டும்.

மேலே ஊளையிடுவது போல மிதக்கும் மெலடி ஆஸிலேட்டரிலிருந்து வந்தது. ஒலிபரப்புக் கருவிகளைச் சோதிக்க வைத்திருக்கும் சாதனம் அது. ஒரே சீராக 'ஊ' என்று ஒலிக்கும். குமிழைத் திருகினால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்லும் அந்தக் கமகம் கையால் திருகியது. காற்று வீசுவது போன்ற ஒலி, ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது வரும் 'ஸ்ஸ்' இரைச்சலை ஃபில்டரில் வடிகட்டி எடுத்தது.

இப்போது மூன்று தனித்தனி டேப்கள்: அடி, மெலடி, காற்று. பல டிராக்குகளை ஒன்றாகப் பதியும் மெஷின் அங்கே இல்லை. மூன்று மெஷின்களில் மூன்று டேப்பையும் மாட்டி, ஒரே நேரத்தில் ஓடவிட்டு, நான்காவது மெஷினில் கலவையைப் பிடிக்க வேண்டும். ஒன்று சற்று முந்தினால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு ஸ்வரம் இடறிக்கொண்டே இருந்தது, எங்கே என்று பிடிபடவில்லை. டேப்களை ஒர்க்‌ஷாப்பின் நீண்ட நடைபாதையில் பக்கம் பக்கமாக விரித்துப் போட்டு, ஒட்டுகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே நடந்தார்கள். ஒட்டு ஒட்டோடு சேராத இடம் கண்ணுக்குத் தெரிந்தது. காதுக்குச் சிக்காத தவற்றைத் தரையில் விரித்துக் கண்ணால் பிடித்தார்கள்.

முடிந்ததைக் கேட்ட கிரெய்னர் அசந்துபோனார். டெர்பிஷயரையும் இசையமைப்பாளராகச் சேர்க்க விரும்பினார். பி.பி.சி.யின் அன்றைய நடைமுறை இடம் தரவில்லை. மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒர்க்‌ஷாப் ஊழியர்களுக்குத் தனிப் பெயர் கிடையாது; 'ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்' என்று மட்டுமே போடுவார்கள். ஆகவே ராயல்டியும் கிடையாது. அந்த ஒலியாக்கம் சிறு மாற்றங்களோடு 1980 வரை ஓடியது. டெர்பிஷயர் 2001 ஜூலையில் காலமானார். தொடரின் டைட்டிலில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013 நவம்பர் 23 அன்று, 50-ஆம் ஆண்டுச் சிறப்புப் படத்தில். அந்த விழாவில் கோலாகலம் எவ்வளவோ இருந்தது. எங்களுக்கு மிகப் பெரியதாகத் தெரிவது அந்த ஒற்றை வரிதான். அவர் உயிரோடு இருக்கும்போதே அதைப் போட்டிருக்க வேண்டும்.

டார்டிஸ் கிளம்பும்போது வரும் கரகர ஒலி எதிலிருந்து?
(திருச்சி வாசகர்)

வீட்டுச் சாவி. அதே ஒர்க்‌ஷாப்பைச் சேர்ந்த பிரையன் ஹாட்ஜ்சன், கழற்றிப் போட்ட பழைய பியானோவின் அடித்தந்திகள் மேல் தன் அம்மா வீட்டுச் சாவியை அழுத்தி இழுத்தார். அடித்தந்திகளின் மேல் செம்புக் கம்பி சுருள்சுருளாகச் சுற்றியிருக்கும். அதனால்தான் வழவழவென்று இல்லாமல் கரகரக்கிறது. பிறகு டேப்பைத் திருப்பி ஓட்டி, எதிரொலி சேர்த்தார்கள். 60-ஆம் ஆண்டு தாண்டியும் அந்தச் சாவியின் ஒலியேதான்.

முதல் எபிசோடை இயக்கியவர் இந்தியரா?
(கும்பகோணம் வாசகி)

வாரிஸ் ஹுசேன். 1938-இல் லக்னோவில் பிறந்து, சிறுவயதில் பிரிட்டன் போனவர். முதல் கதையை இயக்கும்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. ஆண்களே நிறைந்திருந்த பி.பி.சி. நாடகப் பிரிவில் ஒரு இளம் பெண்ணும் ஒரு இந்திய இளைஞரும் சேர்ந்து தொடங்கியது இந்தத் தொடர். லாம்பர்ட் 2007 நவம்பர் 22-இல், தொடரின் 44-ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலமானார்.

பழைய டாக்டர்கள் எல்லோரையும் ஒரே கதையில் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா? 10, 20-ஆம் ஆண்டுகளில் எப்படிச் சமாளித்தார்கள்?
(யாழ்ப்பாணம் வாசகர்)

கதையில் சேர்ப்பது சுலபம். காலப் பயணத் தொடர் ஆயிற்றே. கால்ஷீட்டில் சேர்ப்பதுதான் பெரும்பாடு.

'தி த்ரீ டாக்டர்ஸ்' 1972 டிசம்பர் 30 முதல் 1973 ஜனவரி 20 வரை நான்கு வாரம் வந்தது. தேதிப்படி பத்தாம் ஆண்டு நிறைய இன்னும் பல மாதம் இருந்தது. பத்தாவது சீசனின் தொடக்கம் என்பதை வைத்து விழாக் கதை ஆக்கினார்கள். மூன்று டாக்டர்களும் சமமாக நடிப்பதாகத்தான் திட்டம். ஹார்ட்னெல்லின் உடல்நிலை அதற்கு இடம் தரவில்லை. ரத்தக்குழாய் நோயால் நினைவாற்றல் குறைந்திருந்தது. வசனம் மனதில் நிற்கவில்லை. கதையையே மாற்றினார்கள்: முதல் டாக்டர் காலச்சுழலில் சிக்கிக்கொண்டு, டார்டிஸின் திரையில் மட்டும் தோன்றி யோசனை சொல்கிறார். இதனால் அவர் பகுதியை மற்ற நடிகர்கள் இல்லாமல் தனியாக எடுக்க முடிந்தது. உட்கார்ந்தபடி, கேமரா அருகே பிடித்த அட்டைகளைப் பார்த்து வசனம் சொன்னார். அடுத்த முறை பார்க்கும்போது அவர் கண்களைக் கவனியுங்கள். பார்வை சற்று விலகியிருக்கும். அவர் கடைசியாக நடித்தது இதுதான். 1975 ஏப்ரலில் மறைந்தார்.

இருபதாம் ஆண்டுக்கு 'தி ஃபைவ் டாக்டர்ஸ்'. ஒன்றரை மணி நேரப் படம். வெளிப்புறக் காட்சிகளை 1983 மார்ச்சில் வேல்ஸ் மலைப்பகுதியில் எடுத்தார்கள். முதலில் எழுத உட்கார்ந்த ராபர்ட் ஹோம்ஸின் கதை கரை சேராமல், டெரன்ஸ் டிக்ஸ் எழுதினார். எந்த நடிகர் எந்த நாள் வருவார் என்பது மாற மாற, எந்த டாக்டரோடு எந்தத் துணை போவது என்பதும் மாறிக்கொண்டே இருந்தது. ஹார்ட்னெல் இல்லாததால் முதல் டாக்டராக ரிச்சர்ட் ஹர்ண்டால் நடித்தார். படத் தொடக்கத்தில் மட்டும் ஹார்ட்னெல்லின் பழைய காட்சி ஒன்றை வைத்தார்கள்.

நான்காம் டாக்டர் டாம் பேக்கர் வர மறுத்துவிட்டார். அங்கே உதவிக்கு வந்தது ஒரு பழைய நஷ்டம். 1979-இல் 'ஷாடா' என்ற கதையின் வெளிப்புறக் காட்சிகளைக் கேம்பிரிட்ஜில் எடுத்து முடித்த பிறகு, பி.பி.சி.யில் வேலைநிறுத்தம் வந்து ஸ்டுடியோ காட்சிகள் பாதியில் நின்றன. கதை கைவிடப்பட்டது; ஃபிலிம் பெட்டியில் இருந்தது. டாம் பேக்கர் ஆற்றில் படகு தள்ளிப் போகும் அந்தக் காட்சியை எடுத்து, நான்காம் டாக்டர் காலச்சுழலில் சிக்கிவிட்டார் என்று கதையில் பொருத்தினார்கள். விளம்பரப் படம் எடுக்கும் அன்றும் அவர் வராததால், மேடம் துசாட்ஸ் காட்சியகத்திலிருந்து அவருடைய மெழுகுச் சிலையைக் கொண்டுவந்து மற்றவர்களோடு நிறுத்தினார்கள். அந்தப் புகைப்படம் கிடைத்தால் பாருங்கள்.

இன்னொரு செய்தி: இருபதாம் ஆண்டுப் படத்தைச் சரியாக நவம்பர் 23-இல் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே சில பொது ஒளிபரப்பு நிலையங்கள் அன்றே போட்டுவிட்டன. பிரிட்டனில் 25-ஆம் தேதிதான், குழந்தைகள் நல நிதிக்கான 'சில்ட்ரன் இன் நீட்' இரவில் வந்தது.

30-ஆம் ஆண்டில் ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்களாமே? அந்த வித்தையை வீட்டில் செய்து பார்க்க முடியுமா?
(சேலம் பள்ளி மாணவர்)

முடியும். 1993 நவம்பர் 26, 27 இரண்டு நாளும் 'டைமன்ஷன்ஸ் இன் டைம்' என்று இரண்டு சிறு பகுதிகள் வந்தன. அப்போது உயிரோடிருந்த ஐந்து டாக்டர்களும் அதில் இருந்தார்கள். அதில் பயன்பட்டது புல்ஃப்ரிச் விளைவு. மங்கலான வெளிச்சத்தை நம் கண்ணும் மூளையும் சற்றுத் தாமதமாகவே உணரும். ஒரு கண்ணைக் கறுப்பாக்கினால் அந்தக் கண் விநாடியில் சிறு பங்கு பழைய படத்தைப் பார்க்கிறது. நகரும் பொருள் இரண்டு கண்ணுக்கும் சற்று வேறு இடத்தில் தெரியும். மூளை அந்த வித்தியாசத்தைத் தூரம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு மீட்டர் நூலில் சாவிக்கொத்தையோ எலுமிச்சம்பழத்தையோ கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, அது இடமும் வலமுமாக ஆடும்படி ஒருவரை ஆட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை மட்டும் இடது கண்ணுக்கு முன் பிடித்து, இரண்டு கண்ணையும் திறந்தே பாருங்கள். நேர்கோட்டில் ஆடும் பழம் நீள்வட்டமாகச் சுற்றுவது போலத் தெரியும்: வலப்பக்கம் போகும்போது தள்ளிப் போகும், இடப்பக்கம் வரும்போது கிட்டே வரும். கண்ணாடியை வலது கண்ணுக்கு மாற்றினால் சுற்றும் திசையும் மாறும். தெரியவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். ஒரு கண்ணை மூடியிருப்பீர்கள். அல்லது பழம் உங்களை நோக்கி முன்னும் பின்னும் ஆடுகிறது. அல்லது கண்ணாடி போதுமான கறுப்பு இல்லை.

இதிலிருந்தே அந்த நிகழ்ச்சியின் சிக்கலும் விளங்கும். பக்கவாட்டில் அசைவு இருந்தால்தான் ஆழம் தெரியும். அசைவு நின்ற நொடியில் படம் தட்டையாகிவிடும். அதனால் கேமராவும் நடிகர்களும் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், கதை பின்தொடர முடியாமல் போயிற்று. ஒரு நன்மை உண்டு: சிவப்பு-நீலக் கண்ணாடி முறையில் கண்ணாடி இல்லாதவருக்குப் படம் இரட்டையாகத் தெரியும், இதில் சாதாரணப் படமாகவே தெரியும். கண்ணாடி வாங்காத வீடுகளும் பார்க்க முடிந்தது. நிதி திரட்டுவதற்காக எல்லோரும் ஊதியம் வாங்காமல் நடித்தது என்பதால் அதை விற்பனைக்கு டிவிடியாகப் போட வழியில்லை.

பழைய எபிசோட்கள் அழிந்துவிட்டன என்றால், அவற்றை அனிமேஷனாக மறுபடி செய்தபோது குரல் மட்டும் எங்கிருந்து வந்தது?
(கோவை வாசகர்)

ரசிகர்களின் வீட்டிலிருந்து. 1960-களில் டிவி முன்னால் மைக்கை வைத்தும், ஸ்பீக்கர் வயரில் இணைத்தும் டேப் ரெக்கார்டரில் பிடித்துவைத்த இளைஞர்கள் சிலர் இருந்தார்கள். அழிந்த எபிசோட் ஒவ்வொன்றுக்கும் ஒலி கிடைத்திருப்பது அவர்களால்தான்.

படம் ஏன் அழிந்தது என்றால், இரண்டு அங்குல டேப் விலை அதிகம், அழித்துவிட்டு மறுபடி பதியலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் கட்டுப்பாடு இருந்தது. வீட்டு வீடியோ என்ற வியாபாரமே கிடையாது. வெளிநாட்டு விற்பனைக்கு மட்டும் மானிட்டர் திரையை 16 மி.மீ. ஃபிலிமில் படமெடுத்துப் பிரதி எடுப்பார்கள். வாங்கிய நிலையம் போட்டு முடித்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும். யாரோ ஒருவர் இதில் எதையும் செய்யாமல் அலமாரியில் விட்டதால்தான் இன்று சில கதைகள் இருக்கின்றன. 50-ஆம் ஆண்டு விழாவுக்கு ஆறு வாரம் முன்னால், 2013 அக்டோபரில், நைஜீரியாவின் ஜோஸ் நகர நிலையம் ஒன்றிலிருந்து ஒன்பது எபிசோட்கள் மீண்டதாக அறிவித்தார்கள். காணாமல் போனவற்றின் எண்ணிக்கை அன்று 106-இலிருந்து 97 ஆனது.

அனிமேஷனுக்கு ஒலி போதாது. யார் எங்கே நின்றார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டு ஆதாரங்கள் உண்டு. ஒன்று, எந்தக் கேமரா எப்போது என்று குறித்த ஸ்டுடியோ ஸ்கிரிப்ட். மற்றது, ஜான் க்யூரா என்ற புகைப்படக்காரர் ஒளிபரப்பின்போதே டிவி திரையை எடுத்த படங்கள். ஒரு எபிசோடுக்கு 60-க்கும் மேல். நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் தங்கள் வேலையின் நினைவாக விற்பதற்கு எடுத்தவை. இவற்றை வைத்து உருவாக்கிய 'தி பவர் ஆஃப் தி டேலக்ஸ்' அனிமேஷனை 2016 நவம்பர் 5, மாலை 5.50-க்கு வெளியிட்டார்கள், முதல் எபிசோட் வந்து நிமிடக் கணக்கில் சரியாக 50 ஆண்டு.

அதற்கு முந்தின கதையின் கடைசி எபிசோடும் அழிந்ததுதான். 1966 அக்டோபர் 29-இல் ஹார்ட்னெல் முதன்முதலாக உடம்பு மாறி பேட்ரிக் ட்ரவுட்டன் ஆன எபிசோட் அது. தரையில் படுத்த இருவர் முகத்துக்கும் ஆளுக்கொரு கேமரா. படக்கலவையைக் கவனித்த ஷர்லி கவார்டு, பழுதான கலவைப் பலகை ஒன்று படத்தை வெள்ளைவெளேரென்று வெளிறச் செய்வதைக் கண்டுகொண்டு, அந்தப் பழுதையே வித்தையாக்கினார். ஒரு முகம் வெளிச்சத்தில் கரைந்து மற்றது தெளிகிறது. எபிசோட் போய்விட்டது, அந்தக் காட்சி மட்டும் இருக்கிறது. காரணம், 1973-இல் 'ப்ளூ பீட்டர்' சிறுவர் நிகழ்ச்சி, தொடரின் பத்தாம் ஆண்டை ஒட்டி அந்தத் துண்டை எடுத்துக் காட்டியது. அந்த நிகழ்ச்சியின் பதிவு பிழைத்தது. ஆண்டு விழா கொண்டாடாமல் இருந்திருந்தால் இதுவும் நமக்கு இருந்திருக்காது.

டேலக் குரலை மொபைலில் செய்ய முயன்றேன்; ரோபோ மாதிரி வருகிறது, டேலக் மாதிரி வரவில்லை.
(சிங்கப்பூர் வாசகர்)

டேலக் என்பது உலோகக் கூட்டுக்குள் இருக்கும், டாக்டரின் பரம எதிரி. நீங்கள் பயன்படுத்தியது வேறு எஃபெக்டாக இருக்கும். வேண்டியது ரிங் மாடுலேட்டர். குரலை ஒரு தாழ்ந்த சைன் அலையால் பெருக்கும் சாதனம். அலையின் அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ். குரலில் 200 ஹெர்ட்ஸ் இருந்தால் அது மறைந்து 170, 230 என இரண்டாகப் பிரியும். அந்தப் பிளவுதான் நடுங்கும் கரகரப்பு. 300 என்று வைத்தால் குரல் சிதறி மணியோசை ஆகிவிடும். மைக்கை வாயருகே வையுங்கள். இல்லையென்றால் மின்விசிறி ஓசையும் சேர்ந்து பெருக்கப்படும். மீதி உங்கள் தொண்டையில்: ஒரே ஸ்வரத்தில், மூக்கொலியோடு, அசை அசையாக உடைத்து, கோபத்தை வாக்கியத்தின் கடைசியில் ஏற்றுங்கள். 1963-இல் பீட்டர் ஹாக்கின்ஸும் டேவிட் கிரகாமும் ஸ்டுடியோவில் மைக் முன் இப்படிப் பேச, டேலக் கூட்டுக்குள் இருந்தவர் அதற்கேற்பத் தலை விளக்குகளை மின்னவிட்டார்.

டேலக் ஆண்டு விழா கொண்டாடுவதானால் தேதியில் கவனம். 1963 டிசம்பர் 21-இல் தெரிந்தது கதாநாயகியை நோக்கி நீளும் கை மட்டும். முழு உருவம் 28-ஆம் தேதிதான்.

50-ஆம் ஆண்டுப் படத்தை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் போட்டதில் என்ன பெரிய சிரமம்?
(சென்னை வாசகி)

'தி டே ஆஃப் தி டாக்டர்' லண்டன் நேரம் இரவு 7.50-க்கு 94 நாடுகளில் ஒரே சமயம் வந்தது, கின்னஸ் சாதனை. நம் கடிகாரத்தில் நவம்பர் 24 விடியற்காலை 1.20. ஒரே நேரம் என்றால் எல்லா மொழிக்கும் டப்பிங்கும் சப்டைட்டிலும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். அதாவது ரகசியம் நிறைந்த பிரதி பல நாடுகளில், பல கைகளில் முன்னாலேயே இருக்கும். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் சீசன் இறுதி எபிசோடின் புளூ-ரே, ஒளிபரப்புக்கு முன்பே அமெரிக்காவில் 210 பேருக்குத் தவறுதலாகப் போய்விட்டிருந்தது. வாயைத் திறக்க வேண்டாம் என்று பி.பி.சி. கேட்டுக்கொண்டது; அவர்களும் கதையைக் காப்பாற்றிக்கொடுத்தார்கள்.

இன்னொரு சிரமம் நடிகர். ஒன்பதாம் டாக்டர் கிறிஸ்டோபர் எக்கல்ஸ்டன் வர மறுத்ததால், யாருக்கும் தெரியாத ஒரு 'போர் டாக்டரை' எழுத்தாளர் ஸ்டீவன் மொஃபாட் புதிதாகப் படைத்தார். ஜான் ஹர்ட் நடித்தார். 1983-இல் பழைய ஃபிலிமை வைத்துச் சமாளித்த அதே சிக்கலுக்கு இந்த முறை கதையே விடை சொன்னது, படத்தின் உயிரும் அந்தப் பாத்திரம்தான். திரையரங்குகளில் த்ரீ-டி என்பதால், உள்ளே ஆழம் உள்ள ஓவியம் என்ற யோசனையைக் கதையின் மையத்திலேயே வைத்ததும் அருமை.

60-ஆம் ஆண்டுக்கு எல்லா எபிசோடையும் இணையத்தில் போட்டார்களாமே? முதல் எபிசோடிலிருந்து தொடங்கலாமா?
(தூத்துக்குடி வாசகர்)

2023 நவம்பர் 1-இல் பி.பி.சி. ஐபிளேயரில் 800-க்கும் மேற்பட்ட எபிசோட்கள் ஏறின, பிரிட்டனுக்குள் மட்டும். அதில் முதல் கதையின் நான்கு எபிசோட்கள் இல்லை. எழுத்தாளர் ஆந்தனி கோபர்ன் தரப்போடு உரிமை ஒப்பந்தம் ஏற்படவில்லை. அறுபதாம் பிறந்தநாளில் பிறந்த எபிசோடே இல்லாமல் போனது மனதுக்குக் கஷ்டம்.

2006-இல் வந்த 'தி பிகினிங்' டிவிடி பெட்டி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். முதல் மூன்று கதைகளோடு செப்டம்பர் 27-இல் எடுத்த பதிவும் அதில் இருக்கிறது. முதலில் அதைப் போடுங்கள், பிறகு அக்டோபர் 18-இல் எடுத்ததை. டார்டிஸுக்குள் நுழைந்ததும் நடிகர்களை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் கதவைப் பாருங்கள்.